மத்தியானத்தில் மட்டும் கத்திய பம்ப்

காரில் பெட்ரோல் பம்ப் சத்தம் போட்டால் பம்பை மாற்று. மாற்றியும் சத்தம் போட்டால் இன்னொரு பம்பை மாற்று. இப்போது இதுதான் வைத்தியம் என்று ஆகிவிட்டது. மலேசியாவில் லூனாஸ் என்ற ஊரில் நான் வேலை செய்த ஒர்க்‌ஷாப்பில் இன்று ஃபோர்மனாக இருக்கும் சுரேஷ், இந்த வெயில் தொடங்கியதும் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினான். “அண்ணே, புது பம்ப் போட்டாச்சு, இன்னும் கத்துது லா. கஸ்டமர் என்னைத் திட்றாரு” என்றான். “எந்த நேரத்துல கத்துது? டாங்க்ல எவ்வளவு இருக்கு? யாரு ஓட்டுறது?” என்று கேட்டேன். “அதெல்லாம் எதுக்குண்ணே?” என்று திருப்பிக் கேட்டான்.

எனக்கு வந்ததே கோபம்! எதுக்காம் எதுக்கு! டாக்டரிடம் போனால் எங்கே வலி, எப்போது வலி, என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதில்லையா? நாங்கள் காடி என்று சொல்கிற கார் என்ன மனுஷ உடம்பைவிட மட்டமா? அவனுக்கு நாலு வரி பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு யார் யாரோ நினைவில் வந்து நின்றுவிட்டார்கள். வந்தவர்களைத் துரத்த எனக்கு மனம் வரவில்லை.

நான் தொழில் பழகிய கதையைச் சொல்லி யாரையும் தூங்க வைக்க மாட்டேன். எஸ்டேட்டில் லாரி கழுவினேன், பட்டர்வொர்த்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான். மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ளும் தைரியம் எனக்கு வந்தது லூனாஸில், ஆ கியோங் தவுக்கேயிடம் சேர்ந்த பிறகு. தவுக்கே என்றால் எங்கள் பக்கம் முதலாளி. எஸ்டேட் வாசலில் சாமான் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர், அதனால் தமிழ் பேசுவார். ஆனால் அது அவருடைய சொந்தத் தமிழ். மரியாதை, வயது, ஆண், பெண் எதுவும் அதில் கிடையாது. கோயில் ஐயரையும் “நீ வா, உக்காரு” என்றுதான் கூப்பிடுவார். ஐயரும் சிரித்துக்கொண்டே உட்காருவார்.

தவுக்கே ஒரு காடியின் பானெட்டை உடனே திறந்து நான் பார்த்ததில்லை. வந்தவருக்கு எதிர்க்கடையிலிருந்து பால் கலக்காத கோப்பி ஓ வரவழைப்பார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு முட்டியோடு முட்டி இடிக்க உட்காருவார். “நீ எங்க நிறுத்துற? எங்க பெட்ரோல் ஊத்துற? யார் யார் ஏறுது?” என்று கேட்பார். சில பேருக்கு எரிச்சல் வரும். “காடியப் பாருங்க தவுக்கே, என்னை ஏன் பாக்குறீங்க?” என்பார்கள். அவர் அசரமாட்டார். கோப்பியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, “காடி பேசாது. நீ பேசுவ. அதான் உன்ன கேக்குறேன்” என்பார்.

இன்னொரு பிடிவாதமும் அவரிடம் இருந்தது. காரணம் தெரியாமல் சாமான் மாற்ற விடமாட்டார். “பாக்காம மாத்துனா நீ மெக்கானிக் இல்ல, சாமான் கடக்காரன்” என்பார். அப்போதெல்லாம் இதற்காக அவரை மனதுக்குள் வைதிருக்கிறேன். இப்போது அந்த வைதலைக் கேட்கவாவது அவர் இருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். பெட்ரோல் பம்ப் டாங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினால் ‘உம்’ என்று சின்னதாக முனகிவிட்டு அடங்கும். அது அதன் இயல்பு, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஓட ஓட ‘ஙீ’ என்று இழுத்தால்தான் சீக்கு. முதலில் ரேடியோவை நிறுத்தணும், ஏர்கோனை நிறுத்தணும், வாயையும் நிறுத்தணும். பின்சீட்டில் காதை வைத்துக் கேட்கணும். அப்புறம் பெட்ரோல் மூடியைத் திறக்கணும். காற்று ‘புஸ்’ என்று உள்ளே போய்ச் சத்தம் குறைந்தால், டாங்குக்குக் காற்று போகிற வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அது இல்லையென்றால் ஃபில்டர், பம்பின் அடியில் இருக்கிற சல்லடை, கரண்டு வருகிற வயர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கணும். வயரின் முனையை விரலால் தொட்டாலே தெரியும், சுட்டால் அங்கே கோளாறு.

இதையெல்லாம் நிழலில் செய்யக் கூடாது. தைப்பூசம் முடிந்த கையோடு எங்கள் கெடாவில் ஒரு வெயில் வரும், ரோட்டில் தார் இளகும். அந்த வெயிலில் மட்டும் கத்துகிற பம்பைக் காலையில் கேட்டால் பரம சாதுவாக இருக்கும். அப்படி வருகிற காடியைத் தவுக்கே கூரைக்குள் விடமாட்டார். வாசலில் வெயிலில் நிறுத்தச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். “வெயில் சீக்கு, வெயில்ல பாரு” என்பார்.

பார்வதியின் காடியை மட்டும் எங்களால் வெயிலில் பார்க்க முடியவில்லை.

பார்வதி எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்வருகிறவர். பழைய காடி, பின்னால் இன்னொரு வரிசை சீட் போட்டது. அதை ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய கணவர் திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுவாரம் பார்வதி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பொம்பளை ஓட்டுகிற காடியில் பிள்ளையை அனுப்புவதா என்று முதலில் முணுமுணுத்த அதே வாய்கள், பிறகு “பார்வதி இருந்தா பயமில்ல” என்றன. நம் ஜனங்கள் அப்படித்தான்.

பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டு, வெள்ளிக்கிழமையானால் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, நேராக எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருவார். நெற்றியில் குங்குமம் இருக்காது, திருநீறு மட்டும். காடி கழுவித் துடைத்துப் பளபளவென்று இருக்கும். முன்னால் சின்னப் பிள்ளையார், பிள்ளையாருக்கு மல்லிகைச் சரம், பக்கத்தில் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி. கதவைத் திறந்தாலே கோயில் மணக்கும்.

“அண்ணே, நேத்தும் நின்னுபோச்சு. மத்தியானம் பிள்ளைங்கள ஏத்திட்டு வரும்போது பின்னாடி கத்த ஆரம்பிச்சா, கொஞ்ச தூரத்துல நின்னுருது. அப்புறம் அதுவா கிளம்புது” என்பார்.

நான் கேட்டுப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. பெட்ரோல் வருகிற அழுத்தம் சரியாக இருக்கும். ஃபில்டரை மாற்றினேன், வயரைச் சுத்தம் செய்தேன். வாசலில் வெயிலில் போட்டுவைக்கலாம் என்றால், மத்தியானம் பிள்ளைகளை ஏற்ற அவர் போயாக வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வருவார். வருவார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது என்றும் இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கைகளைக் கரையேற்றி நிமிர்ந்தபோது தலை நரைத்திருந்தது. பார்வதியின் மேல் எனக்கு ஆசை இருந்தது. ஊரில் எந்தப் பெண்ணையும் தங்கச்சி என்று கூப்பிடுகிறவன் நான், அவரை மட்டும் கூப்பிட்டதில்லை. தவுக்கேக்கு அது தெரியாமலா போகும்? “அந்தக் காடி கத்தலன்னா, நீ கத்துவ போல” என்று ஒருநாள் சொன்னார். நான் வேலை இருப்பது போலக் குனிந்துகொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பார்வதி உட்காராமல் நின்றபடியே பேசினார். பெற்றோர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். நடு எஸ்டேட்டில் இன்னொரு தடவை பிள்ளைகளோடு காடி நின்றால், பள்ளி லீவுக்குப் பிறகு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பெண்டாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன், காடியை விற்றுவிட்டுப் பையனோடு தன் வீட்டுக்கு வந்துவிடும்படி ஆள் மேல் ஆள் அனுப்புகிறாராம்.

“போனா சோறு போடுவாங்கண்ணே, அதுல குறை இருக்காது” என்றார். “ஆனா அண்ணி வீட்டு அடுப்படியில ஒரு மூலையில உக்காந்து வெங்காயம் உரிக்கவா நான் லைசென்ஸ் எடுத்தேன்? என் பையன் யார் மூஞ்சியப் பாத்து வளரணும்?”

அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவர் போன பிறகு தவுக்கே கோப்பியைக் கீழே வைத்தார். “நீ போ. அந்தக் காடியில ஏறு. மத்தியானம் பிள்ளைங்களோட போ. இங்க உக்காந்து பாத்தா நூறு வருஷம் ஆனாலும் தெரியாது” என்றார்.

போனேன். செவ்வாய்க்கிழமை என்று நினைவு. முன்சீட்டில் ஒர்க்‌ஷாப் சட்டையோடு என்னைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. பின்னால் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்து உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடப் பைகள் என் காலடியில் வந்து குவிந்தன. பார்வதி ஓட்டுவதை அன்றுதான் பார்த்தேன். பள்ளம் வருமுன்பே கால் பிரேக்குக்குப் போகும். கண்ணாடியில் ஒரு கண், ரோட்டில் ஒரு கண். “ஏய் கவிதா, கைய உள்ள எடு” என்று திரும்பாமலே சொல்வார். டவுனைத் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைக் காட்டுக்குள் நுழைந்தோம். அந்தச் செம்மண் ரோடு இன்னும் நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன், வெட்கம் என்ன வெட்கம்.

மேட்டில் ஏறும்போது தொடங்கியது. முதலில் கொசு காதோரம் வந்தது போல. பிறகு மூக்கடைத்த குழந்தை அழுவது போல ஓங்கியது. பார்வதியின் கைகள் ஸ்டியரிங்கை இறுக்குவதைப் பார்த்தேன். எஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றது.

பிள்ளைகள் கதவைத் திறந்து, பெரியவள் சின்னவன் கையைப் பிடித்து, வரிசையாகப் போய்ச் செம்பனை நிழலில் நின்றுகொண்டார்கள். அழுகை இல்லை, கேள்வி இல்லை. அவ்வளவு பழகிப்போயிருந்தது அவர்களுக்கு. அதைப் பார்த்ததும் பெற்றோர்கள் சொன்னதில் தப்பே இல்லை என்று பட்டது.

ரோட்டில் மல்லாந்து படுத்து டாங்கைத் தொட்டேன். கை பொசுங்கியது. மூடியைத் திறந்தேன், ‘புஸ்’ இல்லை, காற்று வழி சரி. எழுந்து வந்து சாவியைத் திருப்பி மீட்டரைப் பார்த்தேன். ஊசி சிவப்புக்கு ஒட்டிப் படுத்திருந்தது.

“பெட்ரோல் ஊத்தலயா?”

“ஊத்துறேண்ணே. தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துவேன். ஊசி எப்பவும் அங்கதான் நிக்கும்.”

“எங்க கடைக்கு வரும்போது அரை டாங்குக்கு மேல இருந்துச்சே!”

“ஒர்க்‌ஷாப்புக்கு யாராச்சும் காலி டாங்கோட வருவாங்களா? நீங்க ஓட்டிப் பாக்க வேணாமா? அது மரியாதையா?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பம்ப் சூடாகாமல் காப்பதே அதைச் சுற்றி இருக்கிற பெட்ரோல்தான். பெட்ரோல் குறைந்து, வெயிலில் டாங்கும் கொதித்தால், பம்ப் பெட்ரோலோடு ஆவியையும் சேர்த்து உறிஞ்சும். கத்தும், திணறும், எஞ்சினைப் பட்டினி போடும். எங்களிடம் வரும்போதெல்லாம் விருந்தாளி வீட்டுக்குப் போகிற பிள்ளையைச் சிங்காரிப்பது போல, குளிப்பாட்டி, வயிற்றை நிரப்பிக் காலை வெயிலில் கூட்டிவந்திருக்கிறார். சீக்கு எப்படித் தெரியும்?

“மத்த நாள்ல மட்டும் ஏன் நிறைய ஊத்தக் கூடாது?” என்று கேட்டேன்.

பார்வதி பிள்ளைகள் பக்கம் பார்த்தார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, “நிறைய ஊத்துனா உள்ள பெட்ரோல் வாடை வருதுண்ணே. ஒருநாள் சின்னவன் வாந்தி எடுத்துட்டான். அதான் கம்மியாவே வச்சிக்கிறேன்” என்றார்.

“எங்ககிட்ட வந்தப்ப ஒரு வாடையும் இல்லையே?”

“அதுக்குத்தான் ஊதுபத்தி கொளுத்திட்டு வருவேன்.”

என் வாயில் வந்தது பாருங்கள்! “பெட்ரோல் ஆவி அடிக்கிற காடிக்குள்ள நெருப்பா? உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? என்ன ஆயிருக்கும் தெரியுமா?” என்று கத்தினேன். செம்பனைக் காட்டில் எதிரொலித்திருக்கும். கோபமில்லை, பயம். அந்தப் பிள்ளையார், அந்த மல்லிகை, அந்தக் குச்சி எல்லாம் என் கண்முன் எரிந்தன.

“கத்தாதீங்க. பிள்ளைங்க பாக்குது” என்றார் பார்வதி. முகம் வெளுத்துப்போயிருந்தது. “சத்தியமா எனக்குத் தெரியாது.”

“வாடை அடிக்குதுன்னு ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?”

பார்வதி காடியின் கதவைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே சொன்னார். “பம்ப அவருதான் மாத்துனாரு. சாகுறதுக்கு முந்தின மாசம். வீட்டு வாசல்ல, அவரே சீட்டத் தூக்கி, ஒருநாள் முழுக்க உக்காந்து செஞ்சாரு. அதுக்கப்புறம்தான் வாடை. சொன்னா, ‘யாருய்யா இந்த வேலைய செஞ்சது, இப்படிக் கெடுத்து வச்சிருக்கான்’னு கேப்பீங்க. எல்லா ஒர்க்‌ஷாப்லயும் அப்படித்தானே கேப்பாங்க? அத நான் கேக்க முடியாதுண்ணே.”

உண்மைதான். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் அப்படித்தான் கேட்போம். முந்தியவன் வேலையைத் திட்டாமல் எந்த மெக்கானிக்கும் ஸ்பேனரைத் தொடமாட்டான். என் வாயில்கூட அது வந்து நின்றிருந்தது. அப்படியே விழுங்கினேன்.

அந்த வழியாகப் போன மோட்டார் சைக்கிள்காரர் ஒருவரை டவுனுக்கு அனுப்பி ஒரு டின் பெட்ரோல் வாங்கிவரச் சொன்னேன். அதை ஊற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பின்சீட்டுப் பக்கம் அந்த ஓலம் அப்படியே தணிந்து முனகலாக இறங்கியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டுப் பிள்ளைகளை வீடு சேர்த்தோம்.

மறுநாள் பள்ளியில் பிள்ளைகளை இறக்கியதும் காடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. தவுக்கே தன் காடியின் சாவியைப் பார்வதியிடம் நீட்டினார். “பிள்ளைங்களுக்கு இத ஓட்டு. ரெண்டு தடவ போ” என்றார். நான் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சீட்டைத் தூக்கினேன். அடியில் ஒரு தகரமூடி, அதற்குக் கீழே பம்ப். அதைச் சுற்றியிருந்த மண்ணை முதலில் துடைத்தேன், இல்லாவிட்டால் எல்லாம் டாங்குக்குள் விழும். வளையத்தைக் கழற்றிப் பம்பை மெதுவாகச் சாய்த்து எடுத்தேன். சல்லடை கறுத்திருந்தது. பம்பும் சூட்டில் ஓடி ஓடித் தேய்ந்துபோயிருந்தது, இனி உதவாது. டாங்க் வாயில் இருக்கிற ரப்பர் வளையத்தைப் பார்த்தேன். பழைய வளையத்தையே போட்டிருந்தார் மனிதர். பெட்ரோலில் ஊறின வளையம் உப்பிவிடும், திரும்ப உட்காராது. ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. ஆவி வந்தது அந்த மடிப்பு வழியாகத்தான்.

மற்றபடி அந்த வேலையை நான் நன்றாகப் பார்த்தேன். வயரை உரசாமல் துணி சுற்றிக் கட்டியிருந்தார். ஆணிகளுக்கெல்லாம் கிரீஸ் தடவியிருந்தார். பிள்ளைகளின் கால் பட்டு ஆடாமல் இருக்க, மூடியின் நான்கு மூலையிலும் சின்னச் சின்ன ரப்பர்த் துண்டு வெட்டி வைத்திருந்தார். அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்குப் பொறாமையும் வந்தது, மரியாதையும் வந்தது.

புது பம்ப், புதுச் சல்லடை, புது வளையம். டாங்கை விளிம்பு வரை நிரப்பி, வாசலில் கொளுத்துகிற வெயிலில் நிறுத்தினேன். மல்லிகை மணம் வாடையை மறைக்காமல் இருக்கப் பூவை எடுத்துவிடச் சொன்னார் தவுக்கே. பிறகு அவரே உள்ளே ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே அவருடைய மொட்டைத் தலையில் வியர்வை ஓடுவது எங்களுக்குத் தெரிந்தது. வெகுநேரம் கழித்து இறங்கினார். “என் வேர்வ வாடைதான் அடிக்குது. பெட்ரோல் இல்ல” என்றார்.

மத்தியான ஓட்டம் முடிந்து பார்வதி வந்ததும் என்னைத்தான் பார்த்தார். கேள்வி வாயில் இல்லை, கண்ணில் இருந்தது.

“அவரு வேலை சுத்தமான வேலைங்க” என்றேன். “ரப்பர்தான் பழசு. இப்ப மாத்தியாச்சு. அவரு வெட்டி வச்ச ரப்பர்த் துண்டு, அவரு கட்டின துணி, எதையும் நான் தொடல. அப்படியே இருக்கு.”

பார்வதி தலையை ஆட்டினார். திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தவுக்கே கோப்பி வாங்கப் போவது போல எதிர்க்கடைக்கு நடந்துவிட்டார். “கால் டாங்குக்குக் கீழ விடாதீங்க. உள்ள பத்தி கொளுத்தாதீங்க, பூ மட்டும் போதும்” என்றேன். வேறு என்ன சொல்வது?

லீவு முடிந்து பள்ளி திறந்தபோது பிள்ளைகள் எல்லோரும் பார்வதியின் காடியில்தான் ஏறினார்கள். அவர் பெண்டாங் போகவில்லை. அதைவிட எனக்கு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். முன்பெல்லாம் வெயில் காலத்தில் சந்தியில் திரும்பும்போதே அந்தக் காடியின் சத்தம் கேட்கும். பார்வதி வருகிறார் என்று எனக்குத் தெரியும். இப்போது அவர் எப்போது வருகிறார், எப்போது கடந்து போகிறார் என்றே தெரியாமல் போயிற்று. வெள்ளிக்கிழமை வந்தது, அவர் வரவில்லை. வர வேண்டிய வேலை இல்லை. என் கைவேலையை நானே நொந்துகொண்டது அந்த ஒரு காடிக்காகத்தான். எண்ணெய் மாற்ற எப்போதாவது வருவார். அந்த நாளில் நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதில்லை.

பார்வதியைக் கல்யாணத்துக்கு ஏன் கேட்கவில்லை என்று என் தங்கைகள் இன்றுவரை என்னை ஏசுகிறார்கள். அவர்களுக்கு வாய் இருக்கிறது, பேசுகிறார்கள். தனியாக நிற்கும் பெண், ஊர்ப் பிள்ளைகளைத் தன் கையில் வைத்திருக்கிறார். மெக்கானிக்குக்கும் அவருக்கும் என்னவோ என்று ஒரு பேச்சு கிளம்பினால், மறுநாள் ஒரு பிள்ளைகூட அந்தக் காடியில் ஏறாது. நம் ஜனங்களை எனக்குத் தெரியாதா? பம்பைச் சரி செய்து கொடுத்துவிட்டு, அதே பிழைப்பில் நானே மண் போடுவதா? அவருடைய பையன் படித்து முடிக்கட்டும் என்று இருந்தேன். படித்து முடித்தான். கோலா கெடாவில் லங்காவித் தீவுக்கு ஃபெர்ரி புறப்படும் துறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. அம்மாவைத் தனியாக விடமாட்டேன் என்று கூட்டிக்கொண்டு போனான். நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போவதற்கு முன் பார்வதி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். டயருக்குக் காற்றுப் பார்க்கச் சொன்னார். நான்கு டயரும் சரியாகத்தான் இருந்தன. இருந்தாலும் நான்கையும் நிதானமாகப் பார்த்தேன்.

“இத்தனை வருஷமா எஸ்டேட் ரோட்டுல தனியா ஓட்டியிருக்கேன். ஒருநாளும் பயந்ததில்ல. எங்க நின்னாலும் நீங்க வந்துருவீங்கன்னு இருந்துச்சு” என்றார்.

“வந்திருப்பேன்” என்றேன்.

“தெரியும்” என்றார். காடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் அன்று என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை என்பது அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதை வைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்தேன் என்று சொன்னால் சுரேஷ் சிரிப்பான், சிரிக்கட்டும். தவுக்கே செத்தார். நானும் வேலையை விட்டேன்.

இதை எழுதி முடித்துவிடலாம் என்று இருந்தபோது, நேற்று மத்தியானம் போன் வந்தது. தெரியாத நம்பர். எடுத்தேன்.

“நான் பார்வதி, லூனாஸ். ஞாபகம் இருக்குங்களா?”

கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! இருக்கு என்றேன். மீதியை அவர்தான் பேசினார். மகனுடைய காடியாம். இந்த வெயிலில் பின்னால் கத்துகிறதாம். பம்பை மாற்றணும் என்று அங்கே ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்களாம். “நான்தான் சொன்னேன், இருடா, ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு மாத்தலாம்னு. உங்க தங்கச்சிகிட்ட நம்பர் வாங்குனேன். காடிய வெயில்லதான் நிறுத்தியிருக்கேன். டாங்க்ல கால்வாசி இருக்கு. வாடை ஒண்ணும் இல்ல, பத்தியும் இல்ல” என்று ஒப்பித்தார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, மற்றபடி அதே குரல்.

முதலில் டாங்கை நிரப்பி ஓட்டிப் பாருங்கள், குறைந்தால் பயமில்லை என்றேன். குறையாவிட்டால் சல்லடையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அவர், “இருங்க, சத்தத்த நீங்களே கேளுங்க. பின்சீட்டுல போன வைக்கிறேன்” என்றார். கதவு திறக்கும் ஓசை வந்தது. எஞ்சின் ஓடுவது கேட்டது.

அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் எஞ்சின்களுக்குப் பக்கத்தில் நின்ற காது இது. சின்னச் சத்தங்கள், கீச்சுச் சத்தங்கள் எல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டன. கொசு வந்தால்கூடக் கடித்த பிறகுதான் தெரிகிறது. பார்வதிக்கு அது தெரியாது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோலா கெடா வெயிலில், ஒரு காடியின் பின்சீட்டில் குனிந்து, எனக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

“கேக்குதுங்களா?” என்றார்.

“இன்னும் கொஞ்சம் வைங்க” என்றேன்.

வைத்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு அவர் குரல் மிக அருகில், என் காதுக்குள்ளேயே வந்தது.

“கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லுங்க” என்றார். “நான் போன கட் பண்ண மாட்டேன்.”